கார்ப்பெட் டிராக்கில் பக்கி படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ரிமோட்டால் ஓட்டும் சின்னப் பந்தயக் காரை (ஆர்.சி. கார்) மண் டிராக்கில் ஓட்டிப் பழகியவர்கள், கார்ப்பெட் விரித்த டிராக்குக்கு வந்ததும் முதலில் பிடிப்பைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். இங்கே கதை தலைகீழ். கார்ப்பெட்டில் பிடிப்புக்குப் பஞ்சமே கிடையாது. வரும் தொல்லைகளில் பாதி, பிடிப்பு மிஞ்சிப்போவதால் வருபவை. மீதியில் பெரும்பகுதி, காரில் எங்கேயோ ஒன்று இறுகிக் கிடப்பதாலோ லொடலொடவென்று ஆடுவதாலோ வருபவை. செட்டப்பை, அதாவது காரின் கோணம், உயரம், எண்ணெய் போன்ற அமைப்புகளை, மாற்றித்தான் தீர வேண்டும் என்கிற பிரச்சினைகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் முதலில் அசையும் பாகங்கள், அடுத்து டயர், அதற்கும் அப்புறம்தான் வாஷர், எண்ணெய், ஸ்பிரிங் என்று போகிறேன்.

சொல்வதெல்லாம் 1/10 அளவு மின்சார பக்கிக்கு (கரடுமுரடான தரையிலும் ஓடும் பந்தயக் கார் வகை), அதிலும் மோட்டார் நடுவில் இருக்கும் டூ வீல் டிரைவ் காருக்கு. ஃபோர் வீல் டிரைவில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். காரே மண்ணுக்கான பதிப்பா, கார்ப்பெட்டுக்கான பதிப்பா என்பதை முதலில் பாருங்கள். எக்ஸ்ரே நிறுவனம் எக்ஸ்பி2 காரை கார்ப்பெட்டுக்கு 'சி', மண்ணுக்கு 'டி' என்று தனித்தனியாக விற்கிறது. டி.எல்.ஆர். நிறுவனத்தின் 22 5.0 காரிலும் 'ஏசி' என்று முடிவது ஆஸ்ட்ரோ (செயற்கைப் புல்), கார்ப்பெட் தரைகளுக்கானது. மண் பதிப்பை வைத்துக்கொண்டு கார்ப்பெட்டில் போராடுபவர்களுக்குப் பாதிப் பிரச்சினை கியர்பாக்ஸ் உயரத்திலேயே இருக்கிறது. கார்ப்பெட் பதிப்பில் மோட்டாரும் கியரும் முடிந்தவரை தாழப் படுத்திருக்கும்.

தொடக்கப் புள்ளியாக இந்த அளவுகளை வைத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து சேஸிஸ் உயரம் முன்னும் பின்னும் 16 முதல் 18 மி.மீ. முன்சக்கரக் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாயும் கோணம்) மைனஸ் 1 டிகிரி, பின்சக்கரத்தில் மைனஸ் 1 முதல் 2. பின் டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பிய கோணம்) 3 டிகிரி, முன் டோ பூஜ்யம் அல்லது 1 டிகிரி வெளிப்பக்கம். ஷாக் எண்ணெய் (ஷாக் அப்சார்பருக்குள் ஊற்றுவது) முன்னால் 450 முதல் 500 சி.எஸ்.டி. (சென்டிஸ்டோக், எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு), பின்னால் 400 முதல் 450. கியர் டிஃப்பில் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல்) 5,000 முதல் 7,000 சி.எஸ்.டி. எண்ணெய். உங்கள் கார் கையேட்டில் கார்ப்பெட்டுக்கென்று தனியாக ஒரு செட்டப் தாள் இருந்தால், என் எண்களை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷாக் எண்ணெயை 'வெயிட்' எண்ணில் பேசாமல் சி.எஸ்.டி.யில் பேசுவது நல்லது. வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அசோசியேட்டட் நிறுவனத்தின் 35 வெயிட் என்பது 425 சி.எஸ்.டி.; இன்னொரு கம்பெனியின் 35 அதே கெட்டியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எந்த அறிகுறியானாலும் முதலில்

காரை மேசையில் வைத்து நான்கு ஷாக்கையும் கீழ்முனையில் கழற்றிவிடுங்கள். ஆன்டி-ரோல் பார் (உடல் சாய்வதைக் குறைக்க இடது வலது சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி) இருந்தால் அதன் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு கையையும், அதாவது சஸ்பென்ஷன் ஆர்மை, மேலே தூக்கி விட்டால் தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். நடுவில் நின்றாலோ மெதுவாக இறங்கினாலோ அங்கே இறுக்கம் இருக்கிறது. பெரும்பாலும் பால் கப் (மூட்டு உருண்டையைக் கவ்வும் பிளாஸ்டிக் கிண்ணம்) இறுக்கமாக இருக்கும், இல்லையென்றால் ஹிஞ்ச் பின் (கை மடங்கும் அச்சுக் கம்பி) வளைந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் கார்ப்பெட் தூசி உள்ளே போய் அடைத்திருக்கும். ஒரு கை இறுகி இருந்தால் அந்த மூலையில் ஸ்பிரிங், எண்ணெய் எதை மாற்றினாலும் பலன் தெரியாது.

அடுத்து முன்சக்கரங்களைக் கழற்றுங்கள். கார்ப்பெட் காரர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய, ஆனால் பாதிப்பேர் பார்க்காத இடம் இது. கார்ப்பெட் உதிர்க்கும் மெல்லிய இழைகள் சக்கரம் சுற்றும்போது அச்சில் ஏறி, ஹெக்ஸுக்கும் (சக்கரத்தைப் பிடிக்கும் அறுகோணத் துண்டு) பேரிங்குக்கும் நடுவில் நூல்கண்டு மாதிரி இறுகச் சுற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், வாஷர் என்று ஏமாந்துவிடலாம். ஊசி முனையால் ஒரு இழையைக் கிளப்பி, ட்வீஸரால் பிடித்து, சுற்றிய திசைக்கு எதிராக இழுத்தால் முழுதாக உரிந்து வரும். அப்புறம் சக்கரத்தை மாட்டி விரலால் சுண்டிப் பாருங்கள். இரண்டு முன்சக்கரமும் ஏறத்தாழ ஒரே நேரம் சுற்ற வேண்டும். ஒன்று சட்டென்று நின்றால் அந்தப் பேரிங்கை மாற்றிவிடுங்கள். எண்ணெய் விட்டு ஒப்பேற்றுவது ஒரு ஹீட்டுக்குத்தான் (ஒரு குறும்பந்தயத்துக்கு) வரும். பின்பக்கம் டிரைவ் ஷாஃப்டின் முனைகளிலும் டிஃப் அவுட்டிரைவிலும் (ஷாஃப்ட் வந்து மாட்டும் கப்) இதே இழைகள் சுற்றியிருக்கும்.

இவை சரியென்றால் மட்டும் மேலே போங்கள்.

அறிகுறி: வளைவில் கார் தானாகக் கவிழ்கிறது

கார்ப்பெட்டின் முதல் வியாதி இதுதான். தடுப்பில் மோதவில்லை, யாரும் இடிக்கவில்லை, வேகமான வளைவில் நுழைந்ததும் வெளிப்பக்க டயர் தரையைக் கவ்விப் பிடிக்கிறது, கார் உருண்டுவிடுகிறது. டயர் வழுக்கியிருந்தால் கவிழ்ந்திருக்காது. அதனால் மருந்தும் டயரில்தான் தொடங்க வேண்டும்.

எங்கே கவிழ்கிறது என்று நின்று பாருங்கள். முடிந்தால் நண்பர் ஒருவரை போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் திருப்பிய அந்த நொடியிலேயே முன்மூக்கு அமுங்கி, பின் உள்சக்கரம் மேலே எழும்பினால் குற்றவாளி முன் டயர். வளைவின் நடுவில் கார் மொத்தமாகச் சாய்ந்து மெதுவாகப் புரண்டால் நான்கு டயருக்கும் பங்கு உண்டு, உடல் சாய்வும் அதிகம். தாவி இறங்கும்போது மட்டும் புரண்டால் அது ஷாக் சமாசாரம். அதைக் கீழே தாவல் பகுதியில் பார்க்கலாம்.

முன் டயர்தான் காரணம் என்றால் அதன் பக்கச் சுவரில் பசை போடுங்கள். கார்ப்பெட்டில் நெடுநாள் ஓட்டுபவர்கள் யாரும் இதைப் போடாமல் இருப்பதில்லை. தேவை மெல்லிய சூப்பர் க்ளூ, ஃபெவிக்விக் வகையறா. டயரை ரிம்மில் ஒட்டிக் காய்ந்த பின், வெளிப்பக்கச் சுவரை கிளீனர் தெளித்துத் துடைத்துவிடுங்கள். வார்ப்பில் இருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் க்ளூ பிடிக்காது. காரில் மாட்டாமல் சக்கரத்தைக் கையில் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, பக்கச் சுவரில் மெல்லிய கோடாகப் பூசுங்கள். கடைசி வரிசைப் பின்களின் (டயரில் முள்முள்ளாக நிற்கும் ரப்பர் முனைகள்) அடிவாரம் வரை போகலாம். பின்களுக்கு மேல் ஏறக் கூடாது. காய்ந்ததும் அந்த இடம் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடும். டயர் சாயும்போது ரப்பர் கவ்வுவதற்குப் பதிலாக அந்தக் கெட்டி விளிம்பு தரையில் சறுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆவி கண்ணைக் கரித்துவிடும். ஒரு பூச்சு போதவில்லை என்றால் இரண்டாவது பூச்சு. அதற்கும் அடங்காவிட்டால் வெளி வரிசைப் பின்களையே வெட்டிவிடலாம். ஓடஓட விளிம்பில் பசை வெடித்து உதிரும். முதல் ஹீட்டில் நன்றாக இருந்த கார் மூன்றாவது ஹீட்டில் மறுபடி கவிழ ஆரம்பித்தால் முதலில் அந்த விளிம்பைத்தான் பாருங்கள்.

டயரை முடித்த பின்தான் காரில் கை வைக்க வேண்டும். சேஸிஸ் உயரத்தை முன்னும் பின்னும் 1 மி.மீ. குறையுங்கள். டிராக்கில் மேடுகள் அதிகம் என்றால் அடிவயிறு தட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன் ஆன்டி-ரோல் பார் போடுங்கள், இருந்தால் ஒரு அளவு தடிமனாக்குங்கள். கேம்பர் லிங்க்கின் (சக்கரத்தின் மேல்பகுதியைக் காரோடு இணைக்கும் தண்டு) உள்முனைப் பால் ஸ்டட்டுக்கு (மூட்டு உருண்டைத் திருகு) அடியில் இருக்கும் வாஷரில் 1 மி.மீ. எடுத்துவிடுங்கள். உள்முனை தாழ்ந்தால் ரோல் சென்டர் (கார் சாயும்போது சுழலும் மையம்) உயரும், உடல் சாய்வது குறையும். நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைவில் வைத்திருக்கிறார்கள், வாஷரைக் கூட்டிவிட்டுக் கார் இன்னும் மோசமாகிவிட்டது என்று புலம்புவார்கள். அகலமான ஹெக்ஸ் போட்டு சக்கரங்களை வெளியே தள்ளுவதும் உதவும். ஆனால் 1/10 பக்கியின் மொத்த அகலம் 250 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி, அளந்துவிட்டுப் போடுங்கள்.

மேலே இருக்கும் எடையையும் ஒரு கண் பாருங்கள். பாடிக்கு உள்ளே டிரான்ஸ்பாண்டரை (சுற்று எண்ணும் சிறு கருவி) உயரத்தில் ஒட்டியிருப்பார்கள், நீளமான மோட்டார் வயரை வளைத்து ஷாக் டவர் வரை விட்டிருப்பார்கள். அதெல்லாம் சேஸிஸ் தட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். எடை சேர்க்க வேண்டியிருந்தால் பித்தளையாக, அடித்தட்டில் சேருங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால், ரேடியோவில் ஸ்டியரிங் டூயல் ரேட்டை (சக்கரம் அதிகபட்சம் திரும்பும் அளவு) நூறு சதவீதத்திலிருந்து எண்பத்தைந்துக்கு இறக்கிப் பார்ப்பது இலவசம். ஒரு ஹீட்டை முழுசாக முடிக்க அதுவே போதும். கார் கொஞ்சம் மந்தமாகத் தெரியும், ஆனால் கவிழ்ந்து கிடந்து, நிமிர்த்திவிடும் மார்ஷலுக்காகக் காத்திருக்கும் காரைவிட மந்தமான கார் எவ்வளவோ வேகம்.

அறிகுறி: ஸ்டியரிங் திருப்பினாலும் கார் நேரே தள்ளிக்கொண்டு போகிறது

எந்த இடத்தில் தள்ளுகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வெளியேறும்போதா என்பதைப் பொறுத்து மருந்து மூன்று விதம். ஒன்றுக்குரியது இன்னொன்றைக் கெடுக்கும்.

நுழையும்போது தள்ளினால் எடை முன்னுக்கு வரவில்லை என்று அர்த்தம். ஈ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டிராக் பிரேக் (ஆக்ஸிலரேட்டர் விசையை விட்டதும் தானாக விழும் லேசான பிரேக்) பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் கூட்டினால், விசையை விட்டதும் மூக்கு அமுங்கி முன் டயர் கடிக்கும். பின்பக்க ட்ரூப்பைக் கூட்டுவதும் அதையே செய்யும். ட்ரூப் என்பது சேஸிஸைத் தூக்கும்போது சக்கரம் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பது. ஷாக்குக்கு உள்ளே இருக்கும் லிமிட்டர் துண்டுகளைக் குறைத்தால் தொங்கல் கூடும். டிஃப் எண்ணெய் கெட்டியாக இருந்தால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகச் சுற்றிக் காரை நேரே தள்ளும். 10,000 இருந்தால் 7,000க்கு இறக்குங்கள். காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைப்பதும் நுழைவுக்கு உதவும்.

நடுவில் தள்ளுகிறது என்றால், நான் செட்டப்பைத் தொடுவதற்கு முன்னால் சக்கரம் உண்மையிலேயே முழுதாகத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்வேன். மேசையில் திரும்பும், சரி. காரைத் தரையில் வைத்து, கையால் மேலிருந்து அழுத்திக்கொண்டு திருப்புங்கள். சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்) முனகிக்கொண்டு பாதியில் நின்றால் அது பலவீனமான சர்வோ, அல்லது சர்வோ சேவர் (மோதலில் சர்வோவைக் காக்கும் அமைப்பு) ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கார்ப்பெட்டின் பிடிப்பு மண்ணைவிட அதிகம் என்பதால், மண்ணில் போதுமாக இருந்த சர்வோ இங்கே திணறும். ரேடியோவில் இடம், வலம் இரண்டு பக்கத்துக்கும் எண்ட்பாயிண்ட் (திரும்பும் எல்லை) சரியாக இருக்கிறதா, டயர் சஸ்பென்ஷன் கையில் எங்காவது உரசுகிறதா என்பதும் இங்கேதான். இதெல்லாம் சரியென்றால் முன் ஆன்டி-ரோல் பாரை ஒரு அளவு மெல்லியதாக்குங்கள். அப்புறம் முன் டயரைத் திருப்பிப் பாருங்கள். பின்கள் வெளி விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரை அரை டிகிரி கூட்டுங்கள், உள் விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் குறையுங்கள். முன் டயரில் பூசிய பசை அதிகமாகிப் போயிருக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கவிழாமல் இருக்க இரண்டு பூச்சு போட்டுவிட்டு, கார் திரும்பவில்லை என்று காஸ்டர் பிளாக்கை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம்.

வெளியேறும்போது தள்ளினால், விசை கொடுத்ததும் கார் பின்னால் உட்கார்ந்து முன்பக்கம் தூக்குகிறது என்று பொருள். முன் ட்ரூப்பைக் குறையுங்கள், அப்போது மூக்கு அவ்வளவாக எழும்பாது. பின் ஸ்பிரிங்கை ஒரு படி கெட்டியாக்குங்கள். ஷார்ட்டி லிப்போ (நீளம் குறைந்த பேட்டரி) வைத்திருந்தால் அதை ஒரு ஃபோம் துண்டு அளவு முன்னே நகர்த்துங்கள். மூக்கில் சின்ன முன்விங் போடுவது டூ வீல் டிரைவ் கார்ப்பெட் கார்களில் சகஜம், நீளமான நேர்பாதை இருக்கும் டிராக்கில் அதன் பலன் நன்றாகவே தெரியும்.

அறிகுறி: பின்பக்கம் வீசுகிறது

பின் டயரின் பின்களை நன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். கார்ப்பெட்டுக்குப் பரவலாகப் பயன்படும் மினி பின் டயர்களில் பின்கள் குட்டையானவை, நடுவில் தேய்ந்தாலும் ஓரளவு சமாளிக்கும். வெளி ஓரத்து வரிசை உருண்டையாகிவிட்டால்தான் பின்பக்கம் எச்சரிக்கை இல்லாமல் பறக்கும். புது டயர் போட்டதும் வீசினால் அதற்குக் காரணம் வேறு. புதுப் பின்கள் உயரமாக இருந்து வளைந்து ஆடுகின்றன. சில சுற்றுகள் ஓட்டி லேசாகத் தேய்ந்ததும் அடங்கிவிடும். அதனால் முக்கியமான ஹீட்டுக்குப் பளபளப்பான புது டயரோடு இறங்காதீர்கள், பயிற்சியில் ஓட்டிய டயரை மாட்டுங்கள்.

நுழையும்போது வீசினால் டிராக் பிரேக்கைக் குறையுங்கள், பின் ட்ரூப்பையும் குறையுங்கள். வெளியேறும்போது வீசினால் ஈ.எஸ்.சி.யின் பஞ்ச் அளவை (கிளம்பும்போது தரும் உந்துதல்) இறக்குங்கள், பேட்டரியைப் பின்னே நகர்த்துங்கள், பின் ஹப்பை (பின்சக்கர அச்சைத் தாங்கும் பாகம்) முன்பக்கம் தள்ளுங்கள். ஹப் முன்னே வந்தால் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) குறையும், பின்சக்கரத்தின் மேல் எடை கூடும். பின் கேம்பர் லிங்க்கை நீளமான துளைக்கு மாற்றினால் கார் நிதானப்படும். பின் டோ-இன்னை 3லிருந்து 3.5 ஆக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. அது பின்பக்கத்தை அடக்கும்தான், ஆனால் நேர்பாதையில் வேகத்தைத் தின்னும், சக்தி குறைந்த 17.5 டர்ன் மோட்டாரில் அது கண்ணுக்கே தெரியும்.

ஃபோர் வீல் டிரைவில் பின்பக்கம் வீசினால் முன் டிஃப்பையும் சந்தேகப்படுங்கள். முன் டிஃப்பில் எண்ணெய் கசிந்து காலியாகிப் போனால் காரின் குணமே மாறிவிடும், பின்னால் என்ன மாற்றினாலும் சரியாகாது. டிஃப்பைக் கையில் எடுத்து இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பார்த்தால் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: இடப்பக்கம் நன்றாகத் திரும்புகிறது, வலப்பக்கம் மறுக்கிறது

இதைச் செட்டப்பால் தீர்க்க முயல்வது வீண்வேலை. காரின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை, அவ்வளவுதான். எது வித்தியாசம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தட்டையான கண்ணாடி அல்லது கிரானைட் துண்டு ஒன்று வேண்டும். மேசையை நம்பாதீர்கள். ஆன்டி-ரோல் பார் இரண்டையும் கழற்றிவிட்டு, ஓடும் நிலையில் பேட்டரியோடு காரை வையுங்கள். இரண்டு மூன்று முறை கையால் அழுத்தி விடுங்கள், ஷாக்குகள் தம் இடத்துக்கு வரட்டும். ஒரு கத்தியின் முதுகை முன்பக்கச் சேஸிஸின் சரியான நடுக்கோட்டில் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே நொடியில் கண்ணாடியை விட்டு எழும்ப வேண்டும். ஒன்று முந்தினால் எடையோ ஸ்பிரிங்கோ சமமாக இல்லை. பின்பக்கமும் அதேபோல் பாருங்கள்.

சமமாக இல்லையென்றால் ஷாக்குகளைக் கழற்றி இடது வலது நீளத்தை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, காலிப்பரால் அளவெடுங்கள். பால் கப்பை ஒருவர் இரண்டு சுற்று கூடத் திருகியிருந்தால் போதும், கார் சாய்ந்துவிடும். ஷாக் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பிஸ்டன் கம்பியை அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே தூரம் திரும்பி வர வேண்டும். அப்புறம் கேம்பர் லிங்க் நீளங்கள். அப்புறம் பேட்டரி ஒரு பக்கமும் ஈ.எஸ்.சி. மறுபக்கமுமாக எடை சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று.

இவை எல்லாம் சமமாகி, கார் கண்ணாடியில் நேராக எழும்பியும் டிராக்கில் ஒரு பக்கம் மறுத்தால், ஆன்டி-ரோல் பார்தான். பாரை மாட்டி, ஷாக் இல்லாமல் ஒரு கையைத் தூக்குங்கள். அடுத்த பக்கத்துக் கை எந்த உயரத்தில் நகர ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்திலிருந்தும் அதே உயரம் வர வேண்டும். வராவிட்டால் பாரின் லிங்க் ஒன்றை அரைச் சுற்று திருகிச் சரிசெய்யுங்கள். பாரே வளைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு புதிது வாங்குங்கள், விலை அதிகமில்லை.

சேஸிஸ் திருகுவது இன்னொரு காரணம். பெரிய மோதலுக்குப் பின் அடித்தட்டுத் திருகுகளை எல்லாம் கால் சுற்று தளர்த்தி, காரைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தபடி மறுபடி இறுக்கினால், உள்ளே தங்கிய திருகல் பல நேரம் விட்டுவிடும்.

அறிகுறி: நேர்பாதையில் மூக்கு இடமும் வலமும் தேடுகிறது

கார் நேரே போக மறுத்து நடுங்கிக்கொண்டே போனால், முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடப்பு கொஞ்சம் இருக்கலாம், ஆனால் ஸ்டியரிங் லிங்க் பால் கப்புகள் தேய்ந்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. முன் டோ-அவுட் 1 டிகிரிக்கு மேல் இருந்தால் பாதியாக்குங்கள். காரை மேலும் கீழும் அழுத்தும்போது முன்சக்கரம் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பினால் அது பம்ப் ஸ்டியர். ஸ்டியரிங் லிங்க்கின் வெளிமுனை வாஷரைக் கூட்டியோ குறைத்தோ அந்தத் திரும்பலை அடக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் கார் பதறினால் பதறுவது விரல். எக்ஸ்போவை (நடுவில் ஸ்டியரிங்கை மந்தமாக்கும் ரேடியோ அமைப்பு) கூட்டுங்கள். ரேடியோவுக்கு ரேடியோ மைனஸா பிளஸ்ஸா என்று மாறும் என்பதால் ஸ்டியரிங்கைக் கால்வாசி திருப்பி, சக்கரம் முன்பைவிட மெதுவாக நகர்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: தாவலில் மூக்கு குத்துகிறது, இறங்கியதும் துள்ளுகிறது

கார்ப்பெட் டிராக்கின் மேடுகள் பெரும்பாலும் பலகையால் செய்து மேலே கார்ப்பெட் விரித்தவை. மண்மேடு மாதிரி கொஞ்சம் கொடுக்காது, விளிம்பும் கூர்மை. காற்றில் இருக்கும்போது பிரேக் அழுத்தினால் மூக்கு இறங்கும், விசை கொடுத்தால் எழும்பும். முதலில் விரலைச் சந்தேகப்படுங்கள். எப்படி ஓட்டினாலும் மூக்கு குத்துகிறது என்றால், மேட்டின் உச்சியில் பின் ஷாக் வேகமாக நீண்டு பின்பக்கத்தை உதைத்துவிடுகிறது. பின் ஷாக் எண்ணெயை 50 சி.எஸ்.டி. கூட்டுங்கள்.

இறங்கும்போது அடித்தட்டு பட்டென்று தரையில் அறைந்தால் ஷாக் பிஸ்டனில் துளை சின்னதாக வேண்டும். அது வேகமான அழுத்தத்துக்கு மட்டும் எதிர்ப்பைக் கூட்டும். உதாரணமாக 1.7 மி.மீ. துளை இரண்டு இருந்தால் 1.6க்கு மாறலாம். துளையைச் சின்னதாக்கும்போது எண்ணெயைக் கொஞ்சம் மெலிதாக்குவது வழக்கம், இல்லையென்றால் சாதாரணக் குலுக்கலுக்கும் கார் குதிக்கும். அறையவில்லை, ஆனால் பந்து மாதிரி எழும்புகிறது என்றால் எதிர்த்திசை: ஸ்பிரிங் கெட்டி அதிகம், அல்லது ஷாக் கசிந்து எண்ணெய் குறைந்திருக்கிறது. தாவி இறங்கும்போது மட்டும் கவிழும் காருக்கும் இங்கேதான் மருந்து. சக்கரம் திரும்பிய நிலையில் இறங்காமல் நேராக்கி இறக்கிப் பாருங்கள், அப்படியும் புரண்டால் இடது வலது ஷாக் ஒன்றுபோல இல்லை.

அறிகுறி: காலையில் நன்றாக ஓடிய கார் மாலையில் கேட்க மாட்டேன் என்கிறது

பிரிட்டனில் குளிர்காலக் கிளப் பந்தயங்கள் பல, பள்ளி அரங்கத்திலோ விளையாட்டு அரங்கத்திலோ காலையில் கார்ப்பெட் சுருளை விரித்து மாலையில் சுருட்டிவிடுபவை. காலையில் தரையில் தூசி, பிடிப்புக் குறைவு. ஹீட் ஹீட்டாக ஓடஓட ஓட்டப் பாதையில் ரப்பர் படிந்து பிடிப்பு ஏறிக்கொண்டே போகும். காலையில் கொஞ்சம் வழுக்கும் காருக்கு அப்போதே பரிகாரம் தேடாதீர்கள், மதியத்துக்குள் டிராக்கே பரிகாரம் செய்துவிடும். காலைப் பிடிப்புக்கு ஏற்றபடி டியூன் செய்த கார் இறுதிப் போட்டியில் கவிழும்.

அதனால் மதிய இடைவேளையில் முன் டயருக்கு ஒரு பசைப் பூச்சு, சேஸிஸ் உயரத்தில் 1 மி.மீ. குறைப்பு, இவ்வளவு மட்டும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதைத் தாளில் எழுதி, பிடிக்கவில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கையில் எல்லா ஸ்பிரிங்கும் இருக்கிறதே என்று மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

டயரில் பூசும் பிடிப்பு திரவம் சில கிளப்களில் அனுமதி, சிலவற்றில் முற்றிலும் தடை, சிலவற்றில் வாசனை இல்லாதது மட்டும். கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

அறிகுறி: மோட்டார் கை வைக்க முடியாத சூடு

கார்ப்பெட்டில் டயர் வழுக்காததால் மோட்டாருக்கு வேலை அதிகம். மண்ணில் ஓடிய அதே பினியனை (மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சின்னக் கியர்) வைத்து ஓட்டினால் சூடு ஏறும். 5 நிமிட ஹீட் முடிந்ததும் வெப்பமானியால் மோட்டார் உடம்பை அளந்து பாருங்கள், 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். பல்லைக் குறைத்தும் சூடு இறங்காவிட்டால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பர் கியரை (பினியன் சுற்றும் பெரிய கியர்) கையால் உருட்டிப் பாருங்கள். கியர் மெஷ் (இரு கியர்களின் பற்களும் பொருந்தும் இடைவெளி) இறுக்கமாக இருக்கலாம், அல்லது பினியனுக்குப் பின்னால் மோட்டார் ஷாஃப்டில் கார்ப்பெட் இழை சுற்றி முன் பேரிங்குக்குள் இறங்கியிருக்கலாம். அப்படியானால் பினியனைக் கழற்றி, இழையைப் பிடுங்கி, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெஷ்ஷை மறுபடி வையுங்கள். இரண்டு பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டு கிழியாமல் போகும் இடைவெளி போதும்.